கலப்பத்து பழகுகிறேன்: பயிற்சிப் பலகையில் பஞ்சு பின்பக்கமாக வெளியே வருகிறது

#1 இழைப்புளி

எல்லோருக்கும் வணக்கம். 18 அடி நீளப் பழைய மரப்படகு ஒன்றைச் சீர் செய்ய எடுத்திருக்கிறேன். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், விளிம்போடு விளிம்பு சேர்ந்து நிற்கும் வகை. பலகைக் கனம் 22 மி.மீ. வங்குகள், அதாவது பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலா மரங்கள், நன்றாக இருக்கின்றன. இடுக்குகளில் இருந்த பழைய பஞ்சு மட்கி, தொட்டால் பொடியாக உதிர்கிறது. மொத்தத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கலப்பத்து அடிக்க வேண்டும், அதாவது தண்ணீர் புகாதபடி இடுக்குகளில் பஞ்சை அடித்து இறுக்க வேண்டும்.

தச்சு வேலை ஓரளவு தெரியும். கலப்பத்து இதுவரை தொட்டதில்லை. நேரே படகில் கை வைக்க மனம் வராமல், 4 அடி நீளத்தில் இரண்டு பலகைகளை மூன்று கட்டைகளின் மேல் திருகி, நடுவே ஒரு இடுக்கு விட்டு, அதில் அடித்துப் பழகுகிறேன். பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்தேன். முதல் அரை அடி சரியாக வந்தது. பிறகு இரண்டு இடத்தில் பஞ்சு மொத்தமும் பின்பக்கமாக வெளியே போய்த் தொங்கியது. மெதுவாக அடித்தால் விரலால் பிடுங்கினாலே வந்துவிடுகிறது, பலமாக அடித்தால் பின்னால் போய்விடுகிறது. எங்கே தப்பு?

#2 பழைய ஏரா

தம்பி, முதல்ல பயிற்சிப் பலகை செஞ்சதுக்கே பாராட்டு. நிறைய பேர் படகையே பயிற்சிப் பலகை ஆக்கிடறாங்க.

தப்பு அடியில இல்ல, இடுக்கோட வடிவத்துல இருக்கு. அந்தப் பலகையத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. பின்பக்கம் வெளிச்சம் தெரியுதா? தெரிஞ்சா பஞ்சு நிக்க அங்க தரையே இல்லைன்னு அர்த்தம்.

இடுக்குங்கறது இரண்டு பலகைக்கு நடுவுல விட்ட சந்து கிடையாது. உள்பக்கம் மரமும் மரமும் ஒட்டி நிக்கணும், வெளிப்பக்கம் மட்டும் வாய் திறக்கணும். உங்க 22 மி.மீ. கனத்துல உள்ளே மூணுல ஒரு பங்கு மரத்தோட மரம் சேரணும். மீதி இரண்டு பங்கு ஆப்பு மாதிரி விரிஞ்சு, வாய்ல 2 மி.மீ. சொச்சம் இருந்தா போதும். பஞ்சு அந்த ஆப்புக்குள்ள இறங்க இறங்க இறுகும். அடி பலமா விழுந்தாலும் பின்னால போக வழியில்ல.

இன்னொண்ணு, என்ன உளி வச்சிருக்கீங்க? சாதாரணத் தச்சு உளின்னா உடனே கீழ வச்சிடுங்க. கூர்முனை பஞ்சை அறுக்கும், பலகை விளிம்பையும் தின்னும்.

#3 இழைப்புளி

ஐயா, நீங்கள் சொன்னதுதான். பின்னால் 1 மி.மீ. வெளிச்சம் முழு நீளத்துக்கும் தெரிகிறது. சமமான சந்தாகவே விட்டிருக்கிறேன். உளி, பழைய தட்டை உளியின் கூரை மழுக்கியது.

பலகையைப் பிரித்து, விளிம்பை இழைத்துச் சாய்வு கொடுத்து மறுபடி பூட்டுகிறேன். சாய்வை இரண்டு பலகையிலும் கொடுப்பதா, ஒன்றில் மட்டுமா?

#4 பழைய ஏரா

இரண்டும் வழக்கத்துல இருக்கு. பயிற்சிக்கு ஒரு பக்கம் மட்டும் கொடுங்க, அளவு தப்பாது. சாய்வுக்கும் ஒட்டுற பாகத்துக்கும் நடுவுல படி மாதிரி முனை நிக்காம பாத்துக்கோங்க.

உளி குறைஞ்சது இரண்டு வேணும். மெல்லிய மழுங்கல் முனை ஒண்ணு, பஞ்சை உள்ளே ஊட்ட. அதைவிடக் கொஞ்சம் தடிச்ச முனை, நடுவுல ஒரு வரிப் பள்ளம் ஓடறது ஒண்ணு, ஊட்டின பஞ்சை இறுக்க. எந்த உளியும் இடுக்கோட வாயைவிடத் தடிமனா இருக்கக்கூடாது. இருந்தா அடி பஞ்சுல விழாது, மரத்துலதான் விழும்.

#5 வெண்பாய்

ஐயா சொன்ன வடிவம் சரியானதும் அடுத்து நீங்கள் தடுமாறப்போவது திரியை ஊட்டுவதில். அதனால் அதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் திரியை நீளவாக்கில் இடுக்கில் படுக்க வைத்து, மேலே அடித்துக்கொண்டே போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மிக ஒடுங்கிய இடுக்குக்கு மட்டும்தான் அப்படிச் செய்யலாம். மற்ற இடத்தில் திரி மடிப்பு மடிப்பாக உள்ளே போக வேண்டும். புடவைக் கொசுவம் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உளி முனையால் திரியை முன்னாலிருந்து ஒன்றரை அங்குலம் இழுத்து, ஒரு சின்ன வளையமாக்கி, அந்த வளையத்தை இடுக்குக்குள் அழுத்தி, ஒரு லேசான தட்டு. அடுத்த வளையம் முந்தைய வளையத்தின் தோளில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இப்படி மூன்று நான்கு அடி தூரம் ஊட்டிய பிறகுதான் தடித்த உளியை எடுத்து, தொடங்கிய இடத்துக்குத் திரும்பி, இறுக்கி அடித்துக்கொண்டு வர வேண்டும்.

ஏன் மடிப்பு? எந்தப் படகிலும் இடுக்கு ஒரே அகலமாக ஓடுவதில்லை. அகலமான இடத்தில் மடிப்பை நெருக்கி வைத்தால் பஞ்சு அதிகம் போகும். ஒடுங்கும் இடத்தில் மடிப்பைத் தளர்த்தினால் குறைவாகப் போகும். மேலே பார்க்க எல்லாம் ஒரே மட்டமாக இருக்கும். எங்கே எவ்வளவு வேண்டும் என்பதை விரல் முடிவு செய்கிறது. இந்த வேலையில் பழக வேண்டியது முக்கியமாக இதுதான். அடிப்பது இரண்டு நாளில் வந்துவிடும், மடிப்பு வைக்கும் கை வர எனக்கு மூன்று வாரம் ஆனது.

பஞ்சு முறுக்கில்லாத நீள இழைத் திரியாக இருக்கட்டும். முறுக்கிய நூல் அமுங்காது. மருத்துவப் பஞ்சின் இழை குட்டை, மடிப்பு நிற்காமல் பிய்ந்துவிடும். உளி முனையை அவ்வப்போது எண்ணெய்த் துணியில் ஒற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உளியை எடுக்கும்போது ஊட்டிய பஞ்சும் கூடவே எழுந்து வரும். உளியை நேராகப் பிடுங்காமல், இடுக்கு ஓடும் திசையிலேயே முன்னும் பின்னும் லேசாக அசைத்து எடுங்கள்.

#6 புதுத்துடுப்பு

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக இடுக்கைச் சுத்தம் செய்து, கல்லாக இறுகும் எபாக்சிப் பசையை ஊற்றி மூடிவிட்டால் என்ன? மரத்தைவிட உறுதியாக ஒட்டும், தண்ணீரும் வராது. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#7 நீர்மட்டம்

நல்ல கேள்வி. கணக்கோடு பார்த்தால் தெளிவாகும்.

மரம் ஈரம் குடித்தால் நீளத்தில் ஏறக்குறைய வளராது, அகலத்தில் வளரும். முற்றிலும் காய்ந்த நிலையிலிருந்து சுமார் 30 சதவீத ஈரம் வரை பல மரங்கள் ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 8 சதவீதம், ஆரத்தின் போக்கில் அதில் பாதி விரிகின்றன. மரத்துக்கு மரம் மாறும், ஆனால் கணக்குப் போட இது போதும். கரையில் 14 சதவீத ஈரத்தில் காய்ந்து நிற்கும் 120 மி.மீ. அகலப் பலகை, நீரில் 26 சதவீதத்துக்குப் போனால், தட்டை வெட்டுப் பலகைக்கு (அகலம் வளையத்தின் போக்கில் அமைவது) சுமார் 3.8 மி.மீ. விரிவு வரும். ஒரு பக்கத்துக்கு 10 பலகை என்றால் 38 மி.மீ. பலகையின் முழுக் கனமும் ஒரே அளவில் ஈரமாவதில்லை என்பதால் நடப்பில் இதைவிடக் குறையும். பாதி என்றே வைத்துக்கொண்டாலும் அந்த 19 மி.மீ. எங்கேயாவது போயாக வேண்டும்.

பஞ்சும், அதன் மேல் இடுக்கின் வாயை மூடும் மென்மையான புட்டிப் பசையும் இருந்தால் அந்த விரிவு அங்கே அமுங்கும். இடுக்கில் கல்லாக இறுகிய பொருள் இருந்தால் அமுங்க இடமில்லை. பலகையின் விளிம்பு நசுங்கும், அல்லது ஆணி வங்கிலிருந்து கழலும், அல்லது வங்கே முறியும். அடுத்த முறை கரையில் காயும்போது நசுங்கிய விளிம்பு பழைய அகலத்துக்குத் திரும்பாது, ஒட்டு விட்டு புதிய வெடிப்பு திறக்கும். எபாக்சி பலமான பொருள், அதில் சந்தேகமில்லை. மரம் அசையாத கட்டுமானத்துக்கு அது பொருந்தும். இந்த வகைப் படகு முழுக்க முழுக்க அசைவை நம்பிக் கட்டியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இறுக்கி அடித்த பஞ்சு தண்ணீரை மட்டும் தடுப்பதில்லை. அலையில் படகு முறுகும்போது பக்கத்துப் பலகைகள் ஒன்றோடொன்று உரசி நழுவப் பார்க்கும். இடையில் நெருக்கமாக நிற்கும் பஞ்சுதான் அந்த நழுவலைப் பிடித்து வைக்கிறது. கலப்பத்து தளர்ந்த படகு ஒழுகுவதோடு, உடம்பும் தளர்ந்துபோகும்.

#8 புதுத்துடுப்பு

புரிந்தது, மிக்க நன்றி. நழுவலைத் தடுக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி. அப்படியென்றால் முடிந்த அளவு இறுக்கி அடிப்பதுதானே நல்லது?

#9 பழைய ஏரா

இல்ல தம்பி, இங்கதான் நான் அடிபட்டேன். சொல்றேன் கேளுங்க.

பல வருஷம் முன்னாடி 26 அடிப் படகு ஒண்ணு. இரண்டு கோடைகாலம் கரையில நின்னு காஞ்சது. இடுக்கெல்லாம் வாயப் பிளந்து நின்னுது. இவ்வளவு திறந்திருக்கேன்னு இரண்டு திரி போட்டு, கை வலிக்கிற வரைக்கும் இறுக்கினேன். சாயங்காலம் வங்குப் பக்கம் போய் உள்ளே பாத்தா, பலகைக்கும் வங்குக்கும் நடுவுல விரல் நகம் போற அளவு இடைவெளி. என் அடியே ஆப்பா மாறி, பலகையை வங்கவிட்டுத் தள்ளியிருக்கு. ஆணி பழசு, பாதி அரிச்சது. அதை முன்னாடியே பாக்காம விட்டது என் தப்பு. அடிச்ச பஞ்சு மொத்தமும் எடுத்து, ஆணி மாத்தி, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

அதனால கொட்டாப்புளிய, அதான் உளிய அடிக்கிற மரச் சுத்தியலத் தொடறதுக்கு முன்னாடி ஆணிகளப் பாருங்க. ஒவ்வொரு வங்குலயும் பலகைய உள்ளிருந்து தட்டிப் பாருங்க. காஞ்சு கிடந்த படகுன்னா, ஈரச் சாக்கு போட்டு ஒரு பத்து நாள் மரத்துக்குக் கொஞ்சம் ஈரம் ஊட்டுங்க, இடுக்கு தன் உண்மையான அளவுக்கு வரட்டும். கரையில நிக்கிற படகுக்குள்ள தண்ணிய ரொப்பி ஊற வைக்காதீங்க. அந்த எடையத் தாங்கவா படகைக் கட்டினாங்க? அது வெளியிலிருந்து வர்ற அழுத்தத்துக்குக் கட்டினது.

#10 தார்க்கயிறு

எவ்வளவு இறுக்கம் என்ற கேள்விக்குக் காதுதான் பதில் சொல்லும். கலப்பத்துக்கென்றே செய்த கொட்டாப்புளியின் தலை நீளமானது, இரு முனையிலும் இரும்பு வளையம், கைப்பிடிக்கு இரு பக்கமும் தலையில் நீள்வாட்டில் பிளவு. அந்தப் பிளவு அடியின் அதிர்ச்சியைக் கைக்கு வராமல் குறைக்கிறது, ஒலியையும் திறந்து விடுகிறது. தலைக்கு மெஸ்கீட் மரத்தை விரும்புவார்கள். நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம் அது. தளர்ந்த பஞ்சில் அடித்தால் 'தொப்' என்று விழும். பஞ்சு படிந்ததும் ஒலி ஏறி 'ணங்' என்று கேட்கும். அந்த ஒலி வந்த பிறகு விழும் ஒவ்வொரு அடியும் பலகையைத்தான் தள்ளுகிறது.

கலப்பத்து என்ற சொல்லே போர்ச்சுகீசிய மாலுமிகளோடு வந்தது. அரபியிலும் இத்தாலியத்திலும் துருக்கியிலும் இதே வேர் இருக்கிறது. துறைமுகம் துறைமுகமாகப் போன தொழில், சொல்லும் அதனுடன் போயிருக்கிறது.

இந்தத் தொழிலைச் செய்தவர்களில் நான் அடிக்கடி நினைப்பது, பின்னாளில் அடிமை ஒழிப்புக்காகப் பேசிப் புகழ்பெற்ற அமெரிக்கர் ஃபிரெடரிக் டக்ளஸை. அடிமையாக இருந்தபோது பால்டிமோர் கப்பல் கட்டும் துறைகளில் கலப்பத்து கற்று, தேர்ந்த வேலைக்காரர்களுக்கு உரிய உயர்ந்த கூலி வாங்கும் அளவுக்கு வந்தார். அந்தக் கூலி மட்டும் எசமானனுக்குப் போனது. 1838இல் தப்பி நியூ பெட்ஃபோர்டுக்கு வந்தார். அது திமிங்கில வேட்டைக் கப்பல்களின் ஊர், கலப்பத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அவரோடு சேர்ந்து அடிக்க வெள்ளைத் தொழிலாளர்கள் மறுப்பார்கள் என்று தெரிந்ததும், கையில் தொழில் இருந்தும் மூட்டை தூக்கியும் விறகு அறுத்தும் பிழைத்தார். அதே ஊரில் 1841இல் கட்டிய சார்லஸ் டபிள்யூ. மார்கன் கப்பல் இன்றும் இருக்கிறது. சில ஆண்டு மராமத்துக்குப் பின் 2013இல் மறுபடி நீரில் இறங்கி, 2014இல் பாய் விரித்து ஓடியது.

உங்கள் 22 மி.மீ. பலகைக்குப் பஞ்சு மட்டும் போதும். தார் ஏற்றிய சணல் பெரிய கனத்துக்கு உரியது. அங்கே அடியில் பஞ்சு, மேலே தார்ச்சணல், அதற்கும் மேலே உருக்கிய கீல், அதாவது தார் போன்ற பிசின்.

#11 இழைப்புளி

எல்லோருக்கும் நன்றி. இரண்டாம் பலகை முடிந்தது. உள்ளே 7 மி.மீ. மரத்தோடு மரம், வாயில் 2.5 மி.மீ. வெண்பாய் அக்கா சொன்னபடி மடிப்பு வைத்தேன். இந்த முறை பின்னால் எதுவும் வரவில்லை.

அடித்து முடித்ததும் பலகையைக் குறுக்கே ஆறு துண்டாக அறுத்து வெட்டுமுகத்தைப் பார்த்தேன். நான்கு துண்டில் பஞ்சு நகத்தால் கீற முடியாத அளவுக்குக் கட்டையாக இருக்கிறது. இரண்டு துண்டில் மேலே மட்டும் கடினம், அடியில் ஊசி தங்குதடையின்றி இறங்குகிறது. மேலிருந்து பார்த்தபோது ஆறும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. அறுக்காமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

#12 வெண்பாய்

அறுத்துப் பார்த்தீர்களே, ரொம்ப சந்தோஷம். படகில் இதைச் செய்ய முடியாது, அதற்காகத்தான் பயிற்சிப் பலகை.

அந்த இரண்டு துண்டிலும் மடிப்பு அடிவரை போகவில்லை. வளையத்தைப் பெரிதாக எடுத்துவிட்டீர்கள். அது இடுக்கின் தோளிலேயே அடைத்துக்கொண்டது, அடிக்க அடிக்க மேல்பகுதி மட்டும் கெட்டியானது. அந்த இடங்களில் இடுக்கு கொஞ்சம் ஒடுங்கியிருக்கும், அளந்து பாருங்கள். அங்கே ஒரு அங்குல வளையம் போதும், அல்லது திரியின் இழைகளைப் பிரித்துப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். உளி செங்குத்தாக இறங்கியதா என்றும் பாருங்கள். சாய்ந்து இறங்கினால் ஒரு பக்க விளிம்பில் வழவழப்பான நசுங்கல் கோடு இருக்கும்.

#13 இழைப்புளி

அளந்தேன் அக்கா. அந்த இரண்டு இடமும் 1.8 மி.மீ. நசுங்கல் கோடும் இருக்கிறது, எப்போதும் கீழ்விளிம்பில். என் இடது மணிக்கட்டு தாழ்கிறது.

படகிலிருந்து பழைய பஞ்சை எடுக்க மின்சார ரம்பம் ஓட்டலாமா? ஒரு பக்கத்தைக் கொக்கியால் எடுக்கவே மூன்று நாள் ஆகிறது.

#14 பழைய ஏரா

வேண்டாம். ரம்பம் ஒரு தடவை வழுக்கினா பலகை விளிம்புல உண்டாகிற பள்ளம் அந்தப் பலகை இருக்கிற வரைக்கும் போகாது. பழைய அரத்தோட வால் முனைய வளைச்சு, இடுக்கு வாயைவிட மெல்லிசாத் தேய்ச்சு, அதால இழுங்க. மூணு நாள் ஆனா ஆகட்டும். இழுக்கும்போதே எந்தப் பலகை மெத்துன்னு இருக்கு, எந்த ஆணி ஆடுதுன்னு கை கண்டுபிடிக்கும்.

பழைய புட்டில செவ்வீயம், அதான் ஈயம் கலந்த சிவப்புப் பொடி, இருக்க வாய்ப்பு அதிகம். காய்ஞ்ச தூள் மூச்சுல போகக்கூடாது. முகமூடி, கையுறை, கீழ விரிப்பு மூணும் கட்டாயம்.

#15 தார்க்கயிறு

செவ்வீயம் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. பஞ்சு அடித்த பின் மெல்லிய செவ்வீயப் பூச்சு கொடுப்பது காலங்காலமாக வந்த முறை. பூஞ்சையையும் புழுவையும் அது தடுத்தது. ஈயத்தை முற்றிலும் ஒதுக்கினால் இடுக்கின் ஆயுள் குறையும் என்பது என் எண்ணம்.

#16 வெண்பாய்

தார்க்கயிறு, இதில் நான் உடன்படவில்லை. பூச்சின் முதல் வேலை இரண்டு: பஞ்சு இழைகளைக் கட்டி வைப்பது, பூச்சில்லாத வெறும் மரம் புட்டியின் எண்ணெயை உறிஞ்சாமல் தடுப்பது. இரண்டையும் நீர்த்த எண்ணெய்ப் பெயிண்ட் செய்கிறது. பத்து வருடம் கழித்து அதே இடுக்கைச் சுரண்டப்போகும் இன்னொரு ஆளின் நுரையீரலையும் நாம் நினைக்க வேண்டும். பல நாடுகளில் செவ்வீயத்துக்குக் கட்டுப்பாடு இருப்பது காரணமில்லாமல் இல்லை.

இழைப்புளி, புட்டிக்கு ஆளிவிதை எண்ணெயும் சுண்ணக்கட்டித் தூளும் பிசைந்தால் போதும். பஞ்சுக்கு மேலே 5, 6 மி.மீ. இடம் விடுங்கள். புட்டியைப் பலகை மட்டத்துக்கு நிரப்பாமல், விரல் ஓட்டியது போலச் சற்றுக் குழிவாக விடுங்கள். பலகை விரியும்போது அது பிதுங்கி மட்டத்துக்கு வரும். இப்போதே நிரப்பினால் நீரில் இறங்கியதும் உடம்பு முழுக்க வரப்பு வரப்பாகப் புடைத்து நிற்கும்.

#17 இழைப்புளி

மூன்றாம் பலகை. சுற்றிலும் சட்டம் அடித்து, வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, புட்டி போடாமல் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். கீழே பழைய செய்தித்தாள். முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று இடத்தில் சொட்டு. இரவு முழுக்க விட்டேன். காலையில் ஒரு இடம் மட்டும் ஈரம், நான் திரியை முடித்து அடுத்த திரி தொடங்கிய இடம்.

#18 பழைய ஏரா

இரண்டு திரியும் சேர்ற இடத்துல முனைய வெட்டாதீங்க. இழைகளைப் பிரிச்சு வால் மாதிரி மெலிய விட்டு, ஒண்ணுமேல ஒண்ணு இரண்டு அங்குலம் படுக்க வச்சு ஊட்டுங்க. பலகை முனைகள் முட்டுற குறுக்கு இடுக்க முதல்ல அடிங்க. அந்தத் திரியோட வால நீள இடுக்குக்குள்ள மடிச்சு விட்டு, நீளத் திரி அது மேல ஏறிப் போகணும்.

இப்ப படகுக்குப் போகலாம் நீங்க. ஏராவை, அதான் படகோட அடிமரத்தை, ஒட்டின பலகையக் கடைசில வச்சுக்கோங்க. அங்க மல்லாந்து படுத்து அடிக்கணும், கை நல்லாப் பழகின பிறகு போறது நல்லது.

#19 இழைப்புளி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். 11 ஆணிகள் மாற்றினேன். படகு நேற்று முன்தினம் காலை நீரில் இறங்கியது. படகைத் தூக்கி இறக்கிய தூக்குவாரை அவிழ்க்காமல் பாதி எடையை அதிலேயே விட்டு வைத்தோம். முதல் மணி நேரத்தில் உள்ளே 9 செ.மீ. தண்ணீர். பம்பு நிற்காமல் ஓடியது. மாலையில் அதே ஒரு மணி நேரத்துக்கு 3 செ.மீ. நேற்று இரவு பம்பை நிறுத்தி ஆறு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்து விளக்கடித்துப் பார்த்தேன். மொத்தம் 1 செ.மீ. ஏறியது.

பின்பக்கத்தில் இடப்புறம் நான்காம் பலகையின் முனை இடுக்கில் மட்டும் கண்ணீர் போலக் கசிகிறது. நான் முதல் நாள் அடித்த குறுக்கு இடுக்கு அது.

#20 வெண்பாய்

வாழ்த்துகள்! அந்த இடத்தை உள்ளிருந்து எதுவும் வைத்து அடைக்காதீர்கள். இன்னும் ஒரு வாரம் மரம் விரியட்டும். அதற்குப் பிறகும் கசிந்தால், அடுத்த முறை கரையேற்றும்போது அந்த ஒரு முனையை மட்டும் எடுத்து அடித்துக்கொள்ளலாம். மேலே சுண்ணக்கட்டியால் ஒரு குறி போட்டு வையுங்கள், நீரில் நிற்கும்போது உள்ளிருந்து பார்த்த இடம் கரையில் வெளியிலிருந்து தேடினால் சுலபத்தில் கிடைக்காது.